இமோஜென் ஹீப்: குத்தகைக்கு விட்டார், கிரயம் செய்யவில்லை

பிப்ரவரி 8, 2025, இரவு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரிட்டிஷ் பாடகி இமோஜென் ஹீப்பின் 'ஹெட்லாக்' 2005ஆம் வருட ஆல்பத்தில் உள்ள பாட்டு. இருபது வருடம் கழித்து டிக்டாக்கில் பிள்ளைகள் தூக்கிவிட்டதால் போன மாதம் அமெரிக்காவின் ஹாட் 100 பாட்டுத் தரவரிசைப் பட்டியலுக்குள் வந்திருக்கிறது. இதைப் போய் சுயாதீனக் கலைஞரின் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். லாட்டரி விழுந்ததற்கெல்லாம் கொள்கை விளக்கம் எதற்கு? பின்னால் இசைக் கம்பெனி இல்லாத பாடகருக்குத் தொழில் என்று ஒன்று உண்டா?"

உண்டு என்பதுதான் என் பதில். லாட்டரி விழுந்ததை நான் மறுக்கவில்லை. சீட்டு இருபது வருடமாக யார் பெட்டியில் இருந்தது என்று பாருங்கள். அந்த ஆல்பத்தின் பெயர் 'ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்'. அதை எடுக்க அவர் தன் ஃபிளாட்டின் மேல் மறுபடியும் கடன் வாங்கினார். அந்தப் பணத்தில் லண்டனில் ஒரு ஸ்டூடியோ அறையை வாடகைக்குப் பிடித்தார், கருவிகள் வாங்கினார். எழுதியது, பாடியது, வாசித்தது, ஒலிப்பதிவு செய்தது, தயாரித்தது ஏறக்குறைய எல்லாமே அவர் ஒருவர்தான். மெகாஃபோனிக் என்று சொந்த லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனி, தொடங்கி 2005 ஜூலையில் வெளியிட்டார். அப்போது அவருக்கு 27 வயது.

அந்த வயதில் எனக்கு ஒரு தையல் மிஷின் வாங்கக் கடன் கேட்கவே தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 8, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். ஆல்பம் வேலையைத் தொடங்கும்போதே, ஒரு வருடம் கழித்து இன்ன நாளில் மாஸ்டரிங் என்று முன்பதிவு செய்துவிட்டார். மாஸ்டரிங் என்பது எல்லாம் முடிந்தபின் செய்யும் கடைசி மெருகு. முகூர்த்தத் தேதியைக் குறித்துவிட்டுப் பெண் தேடுவது மாதிரி. விரட்டுவதற்குக் கம்பெனி இல்லை என்பதால் தேதியை விட்டே தன்னை விரட்ட வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பிப்ரவரி 9

'ஹைட் அண்ட் சீக்' பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அது குரலா, கம்ப்யூட்டரா?

குரல்தான். அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, கிடார் இல்லை என்று ஒரு பாட்டு. நாலே கால் நிமிடம் முழுக்க ஒரு பெண்ணின் குரல் மட்டும். அது பிறந்த கதையை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் ஒரு நாள் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. அலமாரியில் டிஜிடெக் ஹார்மனைசர் ஒன்று கிடந்தது. அதில் மைக்கையும் கீபோர்டையும் செருகி, நாலு ட்ராக் மினிடிஸ்க் ரிக்கார்டரில் இணைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு வாயில் வந்ததைப் பாடினார். பாட்டின் முதல் வரியே அப்படி வந்து விழுந்ததுதான்.

இந்த ஹார்மனைசர் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவரிடம் இதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது; ஒரு மழைநாளில் ஒத்திகை ரத்தானபோது என்னை விளையாட விட்டார். நீங்கள் 'ஆ' என்று ஒரே சுருதியில் பாடுகிறீர்கள். கீபோர்டில் ச-க-ப மூன்று கட்டைகளை அழுத்தினால் அந்த 'ஆ' மூன்று ஆளாகிறது. விரலை ஒரு கட்டை நகர்த்தினால் ஒரு ஆள் மட்டும் இடம் மாறுகிறார். வாயை மூடினால் மூவரும் சேர்ந்து நின்றுவிடுகிறார்கள். விரல் மட்டும் இருந்தால் சத்தம் வராது, வாய் மட்டும் இருந்தால் கூட்டம் வராது. மூச்சு இழுக்கும்போது விழும் இடைவெளியை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது. 'ஹைட் அண்ட் சீக்'கை ஹெட்ஃபோனில் கேளுங்கள்: வரிகளுக்கு நடுவே அந்த மௌனம் அப்படியே விட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் ஒரு டிரம்ஸ் போட எந்தத் தயாரிப்பாளருக்கும் கை அரிக்கும். போடு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிப்ரவரி 10

திருத்தம். முதல் குறிப்பைப் படித்தவர்கள் அந்த ஆல்பம் கம்பெனி வாடையே இல்லாமல் உலகம் முழுக்கப் போனதாக எடுத்துக்கொள்ளக்கூடும். அது சரியில்லை. அமெரிக்காவில் அதை ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெரிய கம்பெனி வெளியிட்டது, அதே வருடம் நவம்பரில். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. "அப்புறம் என்ன சுயாதீனம்?" என்றும் அவரே கேட்கிறார்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். குத்தகைக்கு விடுவது வேறு, கிரயம் செய்து கொடுப்பது வேறு. பெரும்பாலான பாடகர்கள் முதல் ஒப்பந்தத்திலேயே கிரயம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கம்பெனி முன்பணம் தருகிறது, ஸ்டூடியோ செலவைப் பார்த்துக்கொள்கிறது. பதிலுக்கு மாஸ்டர் உரிமை, அதாவது அந்தப் பதிவின் உரிமை, கம்பெனிக்குப் போகிறது. ஹீப் தன் செலவில் பயிர் வைத்து, விளைந்து நிற்கும் வயலோடு பேச்சுவார்த்தைக்குப் போனார். முடிந்த ஆல்பம் கையில் இருந்தது. "இந்தப் பாட்டில் டிரம்ஸ் சேர்" என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய கம்பெனியின் லாரியும் கடைகளும் தேவைப்பட்ட இடத்தில் உரிமம் கொடுத்தார். அதற்குப் பிறகும் பெரிய கம்பெனிகளோடு வேலை செய்திருக்கிறார், நான் மறைக்கவில்லை. சுயாதீனம் என்றால் யாரோடும் சேராமல் இருப்பது என்று நான் நினைக்கவே இல்லை.

பிப்ரவரி 10, பிற்பகல்

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

1998இல் நானும் இரண்டு நண்பர்களும் எட்டு அம்மன் பாட்டுகள் கொண்ட ஒரு கேசட் போட்டோம். வரிகளும் மெட்டும் என்னுடையவை. கேசட் கம்பெனி ஒன்று 4,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து, மூன்று பக்கத் தாளில் கையெழுத்து வாங்கியது. அன்றைக்கு அது பெரிய பணம். மூன்று பேரும் புரோட்டா சாப்பிட்டுவிட்டு மீதியைப் பிரித்துக்கொண்டோம். ஆடி மாதம் இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கோயில்களில் அதில் இரண்டு பாட்டு கட்டாயம் ஒலிக்கும். நாலு வருடம் முன்பு என் குரலில், நானே மொட்டை மாடியில் பாடிய ஒரு பாட்டை யூடியூபில் ஏற்றினேன். மறுநாள் உரிமை மீறல் என்று நோட்டீஸ் வந்தது. என் பாட்டுக்கு நான் அந்நியன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதே 1998இல்தான் ஹீப்பின் முதல் ஆல்பம் வந்தது. பெயர் 'ஐ மெகாஃபோன்'. ஆங்கிலத்தில் அவர் பெயரின் பத்து எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அதுதான் வரும். சும்மா எழுதிப் பாருங்கள். வெளியிட்டது ஆல்மோ சவுண்ட்ஸ். ஹெர்ப் ஆல்பர்ட்டும் ஜெர்ரி மாஸும், தங்கள் புகழ்பெற்ற ஏ அண்ட் எம் கம்பெனியை விற்றபின் தொடங்கியது. நல்ல மனிதர்கள் நடத்திய நல்ல லேபிள்தான். ஆனால் கொஞ்ச காலத்தில் அதுவும் யுனிவர்சலுக்குக் கைமாற, இரண்டாவது ஆல்பத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் லேபிள் இல்லாமல் நின்றார். கம்பெனி இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கம்பெனியையே விற்றுவிட்டால் பாதுகாப்பு எங்கே?

அப்புறம் கை சிக்ஸ்வொர்த் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து ஃப்ரூ ஃப்ரூ என்று இருவர் குழு. 2002இல் 'டீடெய்ல்ஸ்' என்று ஒரே ஆல்பம். பெரிய கம்பெனி, நல்ல பாட்டுகள், விற்பனை மட்டும் இல்லை. அதன் பிறகுதான் ஃபிளாட்டை அடமானம் வைத்தார்.

பிப்ரவரி 11

"ஃபிளாட் இல்லாதவர் எதை அடமானம் வைப்பார், அண்ணா?" என்று ஒரு தம்பி ஒரே வரியில் கேட்டிருக்கிறார். நேற்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் சொல்வது சரி. லண்டனில் 20களின் நடுவில் சொந்த ஃபிளாட் என்பது எல்லோருக்கும் வாய்ப்பதல்ல; அது முதல் சுற்றில் கம்பெனிகளிடம் சம்பாதித்த பெயராலும் பணத்தாலும்கூட இருக்கலாம். நான் முதல் குறிப்பில் அதை வீரக்கதை மாதிரி எழுதிவிட்டேன்.

ஆனால் ஃபிளாட்டைவிடப் பெரிய முதல் ஒன்று அவரிடம் இருந்தது. சின்ன வயதில் பியானோ, செல்லோ, கிளாரினெட் மூன்றும் முறையாகக் கற்றவர். விடுதிப் பள்ளியில் இசை ஆசிரியருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு அறையில் கிடந்த அட்டாரி கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து சீக்வென்சிங்கை, அதாவது கம்ப்யூட்டரில் ஸ்வரங்களை அடுக்கி இசை கோப்பதை, தானே கற்றுக்கொண்டார். பிறகு குராய்டனில் உள்ள பிரிட் ஸ்கூல். அது கட்டணம் இல்லாத கலைப்பள்ளி. ஆக, 2004இல் அவர் ஸ்டூடியோவுக்குள் போனபோது இன்ஜினியருக்குச் சம்பளம் கிடையாது, தயாரிப்பாளருக்குச் சம்பளம் கிடையாது. கடன் வாங்கிய பணம் ஒரு வருடம் தாக்குப்பிடித்தது அதனால்தான். எங்கள் கேசட்டுக்கு நாங்கள் ஸ்டூடியோவில் நின்றபோது மிக்சரில் எந்தக் குமிழ் எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. தொடாதே என்றார்கள், தொடவில்லை.

தம்பிக்கு என் பதில் இதுவரைக்கும்தான் வருகிறது. முழுப் பதில் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 11, இரவு

அதிர்ஷ்டத்தையும் கணக்கில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் முதல் வாசகர் சண்டைக்கு வருவார். 2005 மே மாதம் 'தி ஓ.சி.' என்ற அமெரிக்க டி.வி. தொடரின் இரண்டாம் பருவக் கடைசிக் காட்சியில், துப்பாக்கி வெடித்தபின் 'ஹைட் அண்ட் சீக்' ஒலித்தது. ஆல்பம் வெளியாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தொடருக்குப் பாட்டு தேர்ந்தெடுத்தவர் அலெக்ஸாண்ட்ரா பட்சாவாஸ். பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத பல குழுக்களுக்கு அந்தத் தொடர் ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஃப்ரூ ஃப்ரூவின் 'லெட் கோ' 'கார்டன் ஸ்டேட்' படத்தில் வந்து, செத்துப்போன குழுவுக்கு உயிர் கொடுத்தது.

பிப்ரவரி 13

கிராமி பற்றி ஒருவர் எழுதியதைத் திருத்த வேண்டும். 2009இல் வந்த 'எலிப்ஸ்' ஆல்பத்துக்காக ஹீப் 2010இல் வாங்கியது பாடகர் விருது அல்ல. சிறந்த ஒலிப்பதிவுக்கான இன்ஜினியர் விருது. அதுவரை சரி. "அதை வாங்கிய முதல் பெண்" என்பது தவறு. 1999இலேயே ட்ரினா ஷூமேக்கர் வாங்கிவிட்டார்.

அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது எஸ்ஸெக்ஸ் பக்கம், அவர் வளர்ந்த வீட்டின் அடித்தளத்தில். குடும்பத்திடமிருந்து வீட்டை வாங்கி, சிறுவயதில் விளையாடிய அறையை ஸ்டூடியோ ஆக்கினார். நீள்வட்ட வடிவ வீடு; எலிப்ஸ் என்றால் நீள்வட்டம். அதனால்தான் அந்தப் பெயரோ என்னவோ. வேலை நடக்க நடக்க வீடியோ டைரியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கேபிள் சிக்கியது, சுவர் பூசியது எல்லாம் அதில் வரும். இன்று எல்லோரும் செய்கிறார்கள். அன்று அது புதிது.

பிப்ரவரி 14

'வாட்சா சே' பற்றி. அமெரிக்கப் பாடகர் ஜேசன் டெருலோவின் முதல் பாட்டு, 2009இல் அமெரிக்காவில் முதலிடம். அதன் கோரஸ் ஹீப்பின் குரல்தான். 'ஹைட் அண்ட் சீக்'கிலிருந்து வெட்டி ஒட்டியது. நிறையப் பேர் ஹீப்பை அதன் மூலமாகத்தான் முதலில் கேட்டார்கள், என் மைத்துனன் உட்பட.

இப்படி ஒரு துண்டை எடுக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று, பாட்டை எழுதியவரின் உரிமை. இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட பதிவின் உரிமை. பல பாட்டுகளில் முதல் சாவி ஒருவரிடமும் இரண்டாவது கம்பெனியிடமும் இருக்கும். செத்துப்போன கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து எழுதிப் பதிவு செய்ததில், எழுதியவர், பாடியவர், பதிந்தவர், செலவு செய்தவர் எல்லாரும் ஒரே ஆள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். தங்கை மகளுக்கு ஒன்பது மாதம். நேற்று சாயங்காலம் அழுகையை நிறுத்தவே முடியவில்லை. தாலாட்டு, கிலுகிலுப்பை, நிலா எல்லாம் காட்டியாயிற்று. கடைசியில் ஹீப்பின் 'தி ஹேப்பி சாங்' போட்டேன். 2016இல் ஒரு குழந்தை உணவு நிறுவனத்துக்காகச் செய்தது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்களும் உடன் இருந்தார்கள். எந்தச் சத்தத்துக்குக் குழந்தை சிரிக்கிறது என்று பெற்றோரிடம் கேட்டு, அந்தச் சத்தங்களைப் பாட்டுக்குள் கோத்தார்கள். முதல் அரை நிமிடத்தில் அழுகை நின்றது. குழந்தை என் வாயைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ஈறு தெரியச் சிரித்தாள். ஆறு தடவை போட்டோம். சிரிக்க வைத்தது இசைதான் என்று நான் நிச்சயமாகச் சொல்வேன், தங்கை போனின் வெளிச்சம் என்கிறாள்.

கிராமி வாங்கியவர் கைக்குழந்தைக்கு ஒரு பாட்டை இவ்வளவு மெனக்கெட்டுச் செய்திருக்கிறார் பாருங்கள். ஏனோதானோ என்று ஒரு சத்தம்கூட அதில் இல்லை.

பிப்ரவரி 19

ஹீப்பின் கையுறை, பிளாக்செயின் இரண்டையும் பற்றிக் கேட்டவர்களுக்குச் சேர்த்து.

கையுறையின் பெயர் மி.மு. விரலை மடக்கினால் குரல் பதிவாகும், கையை உயர்த்தினால் ஒலி ஏறும், மணிக்கட்டைத் திருப்பினால் எதிரொலி கூடும். மேடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குனிந்து நிற்கப் பிடிக்காமல் பல வருடம் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 2015இல் அரியானா கிராண்டே தன் சுற்றுப்பயணத்தில் அதைப் போட்டுக்கொண்டு பாடினார். வீடியோவில் பார்க்கும்போது காற்றில் மாவு பிசைவது போல இருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கோஷ்டியே நிற்கும்.

பிளாக்செயின் விஷயம் வேறு. அது, நடுவில் ஆள் இல்லாமல் கொடுக்கல் வாங்கலைப் பல கம்ப்யூட்டர்களில் பதிந்து வைக்கும் கணக்குப் புத்தகம் மாதிரி. 2015இல் 'டைனி ஹ்யூமன்' என்ற பாட்டை எத்தீரியம் என்ற பிளாக்செயின் வழியாக விற்றார். கேட்பவர் பணம் கட்டிய அடுத்த நொடி, வாசித்தவர், பதிந்தவர் எல்லோருக்கும் அவரவர் பங்கு தானாகப் பிரிந்து போக வேண்டும். ராயல்டி எங்கே போகிறது, எப்போது வரும் என்று யாருக்குமே தெரியாத தொழிலில் இது எவ்வளவு நேர்மையான ஆசை! வந்த பணம் சுமார் 133 டாலர். வாங்கும் முறை சாதாரண ரசிகருக்குப் புரியவில்லை. தோல்விதான், பூசி மெழுக மாட்டேன். ஆனால் என் 4,000 ரூபாயோடு ஒப்பிட்டால், அந்த 133 டாலரில் யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு சென்டுக்கும் கணக்கு இருந்தது.

பிப்ரவரி 19, மறுபடியும்

எழுதி முடித்ததும் ஒரு வருத்தம் வந்தது. ஹீப்பின் 'ஸ்பார்க்ஸ்' ஆல்பம் 2014இல் வந்தது. ரசிகர்கள் அனுப்பிய ஒலிகளிலிருந்து பிறந்த பாட்டு, ஜெய்ப்பூர்ப் பக்கம் இந்தி இசையமைப்பாளர்கள் விஷால்-சேகரோடு தாகூரின் கவிதையை வைத்துச் செய்த பாட்டு என்று அதில் ஒவ்வொன்றும் ஓர் ஊர், ஒரு பரிசோதனை. அதற்குப் பிறகு பாட்டுகளால் ஆன முழுத் தனி ஆல்பம் ஒன்றுகூட இல்லை. இடையில் டெய்லர் ஸ்விஃப்டோடு 'கிளீன்' என்ற பாட்டை எழுதினார், லண்டனில் 2016இல் தொடங்கிய ஹாரி பாட்டர் நாடகத்துக்கு இசை அமைத்தார். எல்லாம் நல்ல வேலை. ஆனால் எனக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு பாட்டுள்ள ஓர் ஆல்பம். கம்பெனி ஒன்று கழுத்தில் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது வருடமே வாங்கியிருக்கும்.

பிப்ரவரி 8 இரவில் மாஸ்டரிங் தேதியை முன்பதிவு செய்ததைப் புகழ்ந்து எழுதினேன். அந்தத் தேதியை இன்னொரு தடவை அவர் குறிக்க மாட்டாரா என்றிருக்கிறது.

பிப்ரவரி 23

முதல் வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "சரி, லாட்டரி என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். உங்கள் அம்மன் பாட்டு ஒப்பந்தத்தில் என்னதான் எழுதியிருந்தது?" என்கிறார்.

27 வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. இன்று காலை டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது, என் கையெழுத்து பள்ளிக்கூடப் பையன் கையெழுத்து மாதிரி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் 'மேற்படி பாடல்களை ஒலிநாடா வடிவில் வெளியிட்டு விற்பனை செய்துகொள்ள' என்று இருக்கிறது. 'ஒலிநாடா வடிவில்' என்ற இரண்டு சொல்லை நாலு தடவை படித்தேன். தங்கையையும் படிக்கச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் அதற்கு நேர்மாறாக ஏதாவது இருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை, மை ஊறியிருக்கிறது.

நாளை திங்கள். தெருக்கோடி வக்கீல் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டேன்.